நார் முடிச்சு

அத்தியாயம் 12

என் அக்கா ஞானம், மகளின் புத்தகப்பையைத் தரையில் கவிழ்த்து ஏழு பன் கவர்களைப் பொறுக்கியதோடு போன வாரம் நின்றிருந்தோம். அது புதன்கிழமை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவர் பையை இன்னொருவர் தொட்டால் மூன்றாமவர் எழுந்து வந்து பார்க்கிறார்.

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்கியவர்களுக்காக நாலு வரி. ஆன்மேரிக்குப் பதினொரு வயது. மூன்று மாதத்துக்கு முன்பு தல்லாகுளத்தில் ஒரு குழந்தை மருத்துவர் அவள் எடையையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வைத்துப் பட்டினி போடுவதில் பயனில்லை, வீடே மாற வேண்டும் என்றார். மாதம் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு வர வேண்டும். நாலு பேரும் எடை பார்க்க வேண்டும். நாலு பேரும் சாப்பிட்டதை ஒரே நோட்டில் எழுத வேண்டும்.

நாலு பேர் என்றால் அக்கா, அத்தான் மைக்கேல்ராஜ், ஆன்மேரி, நான். என் பெயர் ஹெப்சிபா. எங்கள் வம்சத்தில் முதல் டிகிரி என்னுடையது. அதை வைத்துக்கொண்டு ஓர் இ-சேவை மையத்தில் ஊராருக்கு விண்ணப்பம் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அக்கா எட்டாவதோடு நின்று என்னைப் படிக்க வைத்தாள். அதனால் அவள் வீட்டில் எனக்குச் சோறு உண்டு, எல்லாவற்றிலும் கருத்தும் உண்டு.

இந்தக் கதைக்கு இன்று முக்கியம் பன் கவர் மட்டுமில்லை. பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஒரு விண்ணப்பமும்தான். திண்டுக்கல் பக்கம் ஒரு மிஷன் பள்ளி. விடுதியோடு சேர்ந்தது. ஆன்மேரி படிக்கிற பள்ளியின் நிர்வாகமே அதையும் நடத்துகிறது. அத்தான் வாங்கி வந்து ஒட்டி வைத்திருந்தார். பன் கவர் கிடைத்த புதன்கிழமை மாலை அதைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "சனிக்கிழமை எடை குறையல, ஜூன் மாசம் நீ அங்க. வீட்ல இருந்துக்கிட்டுத் திருடித் திங்கிற புள்ள எனக்கு வேண்டாம்."

அக்கா அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

●

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அத்தானின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறவர் அவர். விடியுமுன் மூன்று மணிக்குப் போனால் வெயில் ஏறும்போது விளாங்குடிக்குத் திரும்புவார். சட்டை முழுக்க மல்லிகை வாசம். கையில் அக்காவுக்கு ஒரு பூப்பொட்டலம். வாழையிலையில் சுருட்டி, வாழைநாரால் ஒரு சுற்று, ஒரு சுருக்கு, நுனியில் பூனைக் காது மாதிரி ஒரு வளையம். ஒற்றைக் கையால் போடுகிற முடிச்சு. அந்தக் கடையில் அப்படிப் போடுகிறவர் இவர் ஒருவர்தான் என்று அவரே பத்துத் தடவை சொல்லியிருக்கிறார்.

செருப்பைக் கழற்றுமுன்னே கேட்டார். "ஏறுனாளா?"

ஹாலில் ஒரு எடை மிஷின் கிடக்கிறது. வீட்டில் தினமும் எடை பார்க்காதீர்கள் என்று கிளினிக்கில் மூன்று முறை சொன்னார்கள். அத்தான் கேட்கவில்லை. தராசோடு இருபது வருஷம் வாழ்கிற மனிதரிடம் தராசைத் தொடாதே என்றால் எப்படிக் கேட்பார்?

ஆன்மேரி ஏறினாள். ஏறுமுன் கொலுசைக் கழற்றி வைத்தாள்.

ஐம்பத்து நாலு கிலோ அறுநூறு கிராம்.

"ஆரம்பிச்சப்ப எம்புட்டு?" என்றார் அத்தான்.

"அம்பத்து நாலு" என்றேன்.

"மூணு மாசம் நாலு பேரும் வாயக் கட்டிக் கிடந்திருக்கோம். கூடியிருக்கு!" அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவை. "பறிச்ச பூ எடை குறையும். கூடவே கூடாது. கூடுச்சுன்னா எவனோ தண்ணி தெளிச்சிருக்கான்னு அர்த்தம். இந்த வீட்ல தண்ணி தெளிக்கிறது யாருன்னு தெரிஞ்சாகணும்."

"என்னைய எதுக்குப் பாக்குறீங்க?" என்றேன்.

"ஒன் வண்டியிலதான டியூஷன் போகுது."

"உங்க வண்டியிலதான ஸ்கூலுக்குப் போகுது."

"ஹெப்சி!" என்று அக்கா அதட்டினாள். அதட்டியபடியே மாவு டப்பா இருக்கிற அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். ஆம், எங்கள் வீட்டு அலமாரிக்கு இப்போது பூட்டு உண்டு. இட்லி மாவைப் பூட்டி வைக்கிற ஒரே வீடு விளாங்குடியில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆன்மேரி மிஷினை விட்டு இறங்கி, கொலுசை மறுபடி போட்டுக்கொண்டாள். புதன்கிழமை முதல் அவள் ஒன்றும் சொல்வதில்லை. பன் நீ தின்றாயா என்றதற்கு "ஆமா" என்றாள். யார் வாங்கித் தந்தது என்றதற்கு வாயே திறக்கவில்லை.

நான் நம்பவில்லை. இ-சேவையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு வியாதி பிடித்துவிட்டது. எந்தத் தாளைப் பார்த்தாலும் கையெழுத்தைப் பார்ப்பேன். சாப்பாட்டு நோட்டில் அத்தானின் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். திங்கள், இட்லி மூணு. செவ்வாய், இட்லி மூணு. புதன், இட்லி மூணு. ஏழு நாளும் ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. வெள்ளிக்கிழமை ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதிய ஏழு நாள் அது. பிறப்புச் சான்றிதழை நேற்று எழுதி இருபது வருஷத்துக்கு முந்தைய தேதி போட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

என் பக்கமும் சுத்தமில்லை. சர்க்கரை போட்ட டீ மூன்று குடித்தால் ஒன்று என்று எழுதுவேன். ஆனால் நான் யாரையும் திருடி என்று கூப்பிடவில்லையே.

●

கீழ் வீட்டில்தான் வீட்டுக்காரர் சீதாராமன். நாங்கள் இறங்கியபோது ஈஸிசேரில் பேப்பரோடு இருந்தார்.

"என்ன, குடும்பத்தோட ஒலிம்பிக்ஸுக்கா?"

"நீங்களும் வாங்க சார், உங்க வயித்துக்கும் ஒரு மெடல் குடுப்பாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். அவர் மனைவி அலர்மேல்மங்கை ஜன்னலில் நின்று ஆன்மேரியையே பார்த்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் மேலே ஒரு கிண்ணம் கேசரி அனுப்புகிறவர். கிளினிக் தொடங்கியபின் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். உண்மையிலேயே நின்றதா? அந்த அம்மாளையும் என் பட்டியலில் சேர்த்தேன். அந்த நிமிஷம் யாராவது குறுக்கே போயிருந்தால் அவரையும் சேர்த்திருப்பேன்.

அத்தான் வண்டியில் அக்கா. என் வண்டியில் ஆன்மேரி. பாலத்தின் மேல் போகும்போது பின்னாலிருந்து மெல்லக் கேட்டாள்.

"சித்தி, நாலு பேர்ல ஒரு ஆள் வரலைன்னா கிளினிக்ல சேத்துக்க மாட்டாங்களா?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"ஆன்மேரி, உனக்குப் பன்னு யாரு வாங்கித் தந்தா? அப்பாவா?"

என் இடுப்பைப் பிடித்திருந்த கை இறுகியது. "ரோட்டப் பாத்து ஓட்டுங்க சித்தி" என்றாள்.

எனக்கு அது போதுமாக இருந்தது. மகளுக்கு ஊட்டிவிட்டு மகளையே திருடி என்கிறார் இந்த மனிதர் என்று முடிவே கட்டிவிட்டேன். இன்று எல்லார் முன்னாலும் நோட்டைப் பிரித்துக் கிழித்துத் தொங்கவிடுவது என்று மனதில் வசனம்கூட எழுதிக்கொண்டேன்.

●

கிளினிக்கில் எங்களைப் பார்ப்பது இந்துப்ரியா. உணவு ஆலோசகர். என் வயதுதான் இருக்கும். எடை மிஷினின் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பார். எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், எழுதிக்கொள்வார். முதலில் அத்தான், பிறகு அக்கா, பிறகு நான். என் எடையை இங்கே எழுத மாட்டேன். கடைசியில் ஆன்மேரி.

எடை முடிந்ததும் அவளைச் சுவரோரம் அளவுகோலில் நிறுத்தினார். இடுப்பையும் அளந்தார்.

அத்தானுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், உசரத்த விடுங்க. வீட்டுலயே பாத்துட்டேன். அறுநூறு கிராம் கூடியிருக்கு. எங்களுக்குத் தெரியாம திங்கிறா. கையும் களவுமாப் பிடிச்சாச்சு."

"வீட்டுல எடை பார்க்க வேண்டாம்னு சொன்னேனே சார்?"

"தராசு பொய் சொல்லாது மேடம்."

"பொய் சொல்லல. பாதிதான் சொல்லுது." இந்துப்ரியா தாளைத் திருப்பிக் காட்டினார். "மூணு மாசத்துல ரெண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கா. இடுப்பு சுற்றளவு குறைஞ்சிருக்கு. வளர்ற பிள்ளைக்கு எடை தனியாப் பார்க்கிறதில்ல, உயரத்தோட சேர்த்துத்தான். அப்படிப் பார்த்தா ஆன்மேரி கீழேதான் வந்திருக்கா. நல்லாவே வந்திருக்கா."

ஆன்மேரி அளவுகோல் பக்கமே நின்றாள், அதைவிட்டு நகர்ந்தால் அந்த ரெண்டு சென்டிமீட்டரையும் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்பதுபோல.

"உங்க கணக்கு பறிச்ச பூவுக்கு அத்தான்" என்றேன். "இவ வளர்ற புள்ள."

"அப்ப பன்னு?" என்று அவர் விடவில்லை. "ஏழு கவர் இவ பையில இருந்துச்சு. அது பொய்யா? வாயால ஒத்துக்கிட்டா மேடம். கேளுங்க."

அப்போதுதான் அக்கா கைப்பையைத் திறந்தாள்.

புதன்கிழமையிலிருந்து அந்தக் கவர்களை அவள் யாருக்கும் காட்டவில்லை. ஏழு என்று எண்ணிக்கையை மட்டும்தான் சொன்னாள். கவர் கிடைத்த நேரம் நான் வேலையில் இருந்தேன். அத்தான் சத்தம் போட்டாரே தவிர, எங்கே காட்டு என்று கேட்கவில்லை. இப்போது அவள் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து இந்துப்ரியாவின் மேஜைமேல் மெதுவாகக் கொட்டினாள்.

ஏழு கவர்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவுக்கு இறுகச் சுருட்டப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் காய்ந்த வாழைநார். ஒரு சுற்று, ஒரு சுருக்கு, நுனியில் பூனைக் காது.

பூ மார்க்கெட்டில் குப்பையைச் சும்மா போட முடியாது. காற்றடித்தால் பூக்குவியலில் போய் ஒட்டும், முதலாளி கத்துவார். அதனால் டீக்கடைத் தாளோ, பன் கவரோ, கைக்குக் கிடைத்த நாரால் ஒரு கட்டுப் போட்டுத்தான் வைப்பார்கள். கை தானாகச் செய்கிற வேலை. செய்தது செய்கிறவனுக்கே நினைவிருக்காது.

அத்தான் அந்த ஏழையும் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார்.

"இது யாரோடது ஆன்மேரி?" என்று கேட்டார் இந்துப்ரியா.

"என்னுதுதான் மிஸ்."

"உனக்கு நார் எங்க கிடைச்சது?"

அவள் யோசித்தாள். "ஸ்கூல்ல வாழை மரம் இருக்கு மிஸ்."

இப்படி ஒரு பொய்யை இத்தனை அவசரமாக, இத்தனை மோசமாகச் சொல்கிற பிள்ளையையா மூன்று நாளாகத் திருடி என்றோம்? நான் நோட்டை எடுக்கப் போனேன். அந்த ஏழு நாள் இட்லியை விரித்துப் போட வேண்டும் என்று கை துடித்தது. அதற்குள் அத்தான் பேசிவிட்டார்.

"புள்ள பொய் சொல்லுது மேடம். இது என் கட்டு."

"அப்பா..."

"நாந்தான் திங்கிறேன். காலையில அஞ்சு மணிக்குப் பசிக்குது. மூட்டை தூக்குறவுக எல்லாம் திங்கிறாக, நான் மட்டும் எப்படிச் சும்மா நிக்கிறது? தேங்கா பன்னு. கவர வண்டி பாக்ஸ்ல போடுவேன். அப்புறம் அங்க இருக்காது. காத்துல போச்சுன்னு நெனச்சேன்."

"இவளுக்குக் குடுத்தீங்களா?" என்றேன். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"ஒரு துண்டு குடுக்கல ஹெப்சி. சத்தியமா."

ஆன்மேரி தலையை ஆட்டினாள். "எனக்குத் தரல சித்தி. ஸ்கூலுக்குப் போறப்ப பாக்ஸத் திறப்பேன். இருந்தா எடுத்து என் பையில போட்டுக்குவேன்."

"எதுக்குடி?"

"அம்மா பாத்தா சண்டை வரும். சண்டை வந்தா அப்பா இங்க வர மாட்டேன்னு சொல்லிருவாரு. ஒரு ஆள் வரலைன்னா..." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள். "இங்க மட்டும்தான் எல்லாரையும் எடை போடுறாங்க. வீட்ல என்னைய மட்டும்தான்."

இந்துப்ரியா தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கோர்ட்டுக்குப் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் அசைந்தது. நான் பார்க்காததுபோல் இருந்தேன். அழட்டும் என்றும் இருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஏழு கவர்களையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஆச்சரியம் துளிகூட இல்லை.

●

படியிறங்கும்போது அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"புதன்கிழமையே உனக்குத் தெரியும்ல?"

"முடிச்சப் பாத்தாத் தெரியாதா? பதிமூணு வருசமா அவுத்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப அவரு புள்ளையத் திருடின்னு சொல்றப்ப ஏன்க்கா சும்மா நின்ன?"

"வீட்ல வச்சுச் சொன்னா, இல்லைன்னு சாதிப்பாரு. உன்னைய மாட்டிவிடுவாரு. நாலு பேர் முன்னாடி அவரே சொல்லட்டும்னு இருந்தேன்."

"அதுக்கு மூணு நாள் அந்தப் புள்ள..."

"எனக்கு மட்டும் வலிக்கலையாடி?" என்றாள். அவ்வளவுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். அத்தான் மீது எனக்கிருந்த கோபத்தில் பாதி, எங்கே போவதென்று தெரியாமல், அவள் முதுகில் போய் நின்றது.

●

மத்தியானம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். கேப்பைக்களி, கீரைக் குழம்பு, அவித்த முட்டை. யாரும் யார் தட்டையும் பார்க்கவில்லை. அத்தான் நோட்டை எடுத்து, பழைய பக்கங்களில் இட்லியை அடித்துவிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் நேராகத் தேங்காய் பன் என்று எழுதினார். எழுதி முடித்ததும் எடை மிஷினைத் தூக்கிப் பரணில் போட்டார். ஆன்மேரி அந்தச் சத்தத்துக்கு மட்டும் நிமிர்ந்தாள்.

"பரண் தாங்குமாப்பா?" என்றாள். புதன்கிழமைக்குப் பிறகு அவள் அடித்த முதல் ஜோக். நான் சிரித்தேன். அத்தான் சிரிக்கப் பார்த்து, முடியாமல் அவள் தலையைத் தடவினார்.

"நீ எங்கயும் போக வேண்டாம். அந்த ஹாஸ்டல் பாரத்த இப்பவே கிழிக்கிறேன்."

பிரிட்ஜ் பக்கம் போனார். கதவில் காந்தம் இருந்தது. விண்ணப்பம் இல்லை.

"ஹெப்சி, எடுத்தியா?"

"நான் எதுக்கு எடுக்கப்போறேன்?"

"ஞானம்?"

அக்கா சுவரோரம் உட்கார்ந்து காலையில் வந்த பூப்பொட்டலத்தை மடியில் வைத்திருந்தாள். நிமிரவில்லை.

"நான் குடுத்துட்டேன்ப்பா" என்றாள் ஆன்மேரி.

"யாருகிட்ட?"

"ஸ்கூல் ஆபீஸ்ல. நேத்தோட கடைசி நாள்னு போட்டிருந்துச்சு. நான் போயிட்டா வீட்ல சண்டை வராதுல்ல? நானே எல்லாம் எழுதுனேன். பேரு, வகுப்பு, ரத்த வகை, எல்லாம்."

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு என் வியாதி வேலை செய்தது. நூற்றுக்கணக்கில் ஏற்றியிருக்கிறேன், எந்த விண்ணப்பத்தில் எந்த மூலையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"பெற்றோர் கையெழுத்து இல்லாம ஆபீஸ்ல வாங்க மாட்டாங்களே. அப்பா போடல. யாரு போட்டா?"

ஆன்மேரியின் கண் போன இடத்துக்கு என் கண்ணும் போனது.

அக்கா நாரின் பூனைக் காதைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. வாடிப்போன மல்லிகையைச் சேலை மடியில் கொட்டி, அதைக் கட்டத் தொடங்கினாள், நாங்கள் யாரும் அந்த அறையில் இல்லாததுபோல.